சாம்பக்குடை

"இதை வறுத்துச் சாப்பிடலாமா?" என்று கேட்டவர் பெயர் குருமூர்த்தி. மின்வாரியத்தில் முப்பது வருடம் கம்பிப் பாதை பார்த்து ஓய்வு பெற்றவர். காலை ஏழரை மணிக்கு நடை தொடங்கியதிலிருந்து அவர் கேட்கும் நான்காவது கேள்வி இது. முதல் மூன்றும் அட்டைக்கடியைப் பற்றியவை.

"சாப்பிட்டா உயிருக்கு ஒண்ணும் ஆகாது சார்," என்றாள் நிவேதா. "ஆனா இது காப்புரிமை வாங்கின காளான். பறிச்சாலே வழக்குப் போடுவாங்க."

பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

பெருங்கானல் மலையில் மழை மாதங்களில் சனிக்கிழமைதோறும் அவள் 'காளான் நடை' கூட்டிப் போகிறாள். சுற்றுலாத் துறை அச்சடித்த தாள் ஒன்று எல்லார் கையிலும் இருக்கும். அறுபத்து நான்கு வகைக் காளான்களின் படம், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். கண்டதும் டிக் அடித்துக்கொள்ளலாம். பழைய தாள். மாற்றித் தாருங்கள் என்று ஆறு முறை எழுதிப் போட்டும் அதையேதான் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மணி நேரம் நடந்தும் யாருடைய தாளிலும் ஒரு டிக்கூட விழவில்லை. கண்ணில் பட்ட ஒரே காளானுக்கு அந்தத் தாளில் படமே கிடையாது. பழைய ஈயப் பாத்திரத்தின் நிறத்தில், சின்னக் குடை போல, மரத்தடியில், பாறை இடுக்கில், வழியெங்கும் அதுவே நின்றது. எஸ்டேட்காரர்கள் அதைச் 'சாம்பக்குடை' என்றார்கள்.

"மத்ததெல்லாம் எங்கம்மா போச்சு?" என்றார் குருமூர்த்தி.

இந்தக் கேள்விக்குப் பதினோரு வருடங்களாக அவள் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மூன்று வருடம் தொடர்ந்து மழை பொய்த்தபோது தேயிலைச் செடிகள் நின்ற இடத்திலேயே காய்ந்தன. ஒரு கம்பெனி ஆய்வுக்கூடத்தில் இந்தக் காளானை உருவாக்கிக் கொண்டுவந்தது. இது தேயிலை வேரைச் சுற்றிக்கொண்டு, வேர் எட்டாத இடத்திலிருந்தெல்லாம் ஈரத்தை இழுத்து ஊட்டியது. தேயிலை பிழைத்தது. ஆனால் அது எஸ்டேட் வேலிக்குள் நிற்கவில்லை. சோலைக்குள் இறங்கி, அங்கே ஏற்கெனவே இருந்த காளான்களின் சாப்பாட்டையெல்லாம் தான் தின்று தீர்த்தது.

"மண்ணுக்குக் கீழ நடந்ததால யார் கண்ணுக்கும் தெரியல," என்று முடித்தாள். "வாங்க, பூவைப் பாக்கலாம்."

சோலை முடிந்து புல்சரிவு தொடங்கும் இடத்தில் தும்பிவால் பூத்திருந்தது. முழங்கால் உயரத் தண்டில் வெள்ளை வெள்ளையாக, ஒவ்வொரு பூவுக்குப் பின்னாலும் தும்பியின் வாலைப் போல நீண்ட ஒரு குழல். தரையில் வளரும் ஆர்க்கிட். உலகத்தில் வேறெங்கும் இல்லை. எல்லாரும் கைப்பேசியைத் தூக்கினார்கள்.

"நல்லாத்தானே பூத்திருக்கு," என்றார் குருமூர்த்தி. "நீங்க சொன்னதக் கேட்டுப் பயந்தே போனேன்."

நிவேதாவுக்கு எரிச்சல் வந்தது. அமைச்சர் வந்தபோது இதைத்தான் சொன்னார். நீதிமன்றம் அனுப்பிய குழு இதைத்தான் எழுதியது. நல்லாத்தானே பூத்திருக்கு.

"முப்பத்தெட்டுச் செடி சார். நான் எண்ண ஆரம்பிச்சப்ப இருநூறுக்கு மேல. இருக்கிற எல்லாமே கெழடு. ஒரு குட்டிகூடக் கிடையாது. நெல்லுக்குள்ள அரிசி இருக்கு, தேங்காய்க்குள்ள பருப்பு இருக்கு. முளைச்சு இலை விடுற வரைக்கும் அதுதான் சாப்பாடு. ஆர்க்கிட் விதைக்குள்ள ஒண்ணுமே இல்ல. மாவுத் தூசி மாதிரி இருக்கும். மண்ணுல இருக்கிற காளானோட இழை அதுக்குள்ள நுழைஞ்சு ஊட்டினாத்தான் முளைக்கும். அந்தக் காளான் போயிட்டா விதை எத்தனை கோடி விழுந்தாலும் வீண்."

"ஊட்டுறதுல காளானுக்கு என்ன லாபம்?"

"அந்த வயசுல ஒண்ணுமில்ல. பூ ஏமாத்தி வாங்கித் தின்னுதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க." அவள் சரிவைப் பார்த்தாள். "பதினோரு வருஷமா ஒரு பிள்ளைகூடப் பொறக்காத ஊர் சார் இது. எல்லாரும் பட்டுச்சேலை கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. அழகா இருக்குன்னு போட்டோ எடுக்கிறோம்."

 அவளே சமாதானம் போலச் சொன்னாள். போன வாரம் அரசின் மண்ணுயிர் ஆணையம் உத்தரவு போட்டுவிட்டது. வியாழக்கிழமை மருந்து தெளிப்பு ஆரம்பம். சாம்பக்குடையை மட்டும் கொல்லும் மருந்து. முதலில் தெளிக்கப்போவது இந்தச் சரிவில்தான். அவளே கேட்டு வாங்கிய முன்னுரிமை.

இரண்டு பேர் கைதட்டினார்கள். கைதட்டலைக் கேட்டதும் அவளுக்குக் கீழே தெரிந்த எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகள் நினைவுக்கு வந்தன. நூற்றெழுபது குடும்பம். உத்தரவு வந்த அன்றிலிருந்து அந்தப் பக்கத்துக் கடையில் அவள் டீ கேட்டால் பால் தீர்ந்துவிட்டது என்கிறார்கள்.

திரும்ப நடக்கையில் குருமூர்த்தியைக் காணவில்லை. சரிவின் அடியில், தேயிலைக் காட்டின் வடிகால் ஓரத்தில் உட்கார்ந்து, காலுறையைக் கழற்றி அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பூச்செடி எதுவும் இல்லாத இடம். நிவேதாவே அங்கே இறங்கிப் பார்த்ததில்லை.

"அம்மா, இந்தக் குட்டி இலைக்கு என்ன பேரு?"

அவள் குனிந்தாள். விரல்நகத்தளவு ஒற்றை இலை. நடுவில் வெள்ளிக்கோடு. பக்கத்தில் இன்னொன்று. புல்லை விலக்க விலக்க, மொத்தம் ஏழு.

"தும்பிவால்," என்றாள்.  ஈர மண்ணிலேயே மண்டியிட்டு உட்கார்ந்தாள். "தும்பிவால் சார். குட்டி."

நடை அன்றைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே முடிந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

*

ஒரு நாற்றை மட்டும் மண்ணோடு எடுத்து, சாப்பாட்டு டப்பாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். எங்கேயோ கொஞ்சம் பழைய காட்டுக் காளான் தப்பிப் பிழைத்திருக்கிறது. அது எதுவென்று தெரிந்துவிட்டால், தெளிப்பு முடிந்ததும் அதையே வளர்த்துச் சரிவெங்கும் பரப்பலாம். படியேறும்போதே மனசுக்குள் கட்டுரையின் முதல் பத்தியை எழுதி முடித்திருந்தாள்.

வேரில் மெல்லிய சீவல் எடுத்து, அடுப்படி மேசையில் இருந்த நுண்ணோக்கியில் வைத்தாள். செல்லுக்குள் நூல்கண்டு போலச் சுருண்டு கிடந்தது காளான் இழை. நன்றாக, கொழுகொழுவென்று. பழக்கத்தினால் நீல விளக்கைப் போட்டாள். கம்பெனி தன் காளானை அடையாளம் காட்டியாக வேண்டும் என்பது சட்டம். அதனால் சாம்பக்குடையின் ஒவ்வொரு இழையும் நீல வெளிச்சத்தில் பச்சையாக மின்னும்.

நூல்கண்டு பச்சையாக மின்னியது.

விளக்கை அணைத்துப் போட்டாள். வேறு சீவல் எடுத்தாள். அதுவும் பச்சை.

 பிறகு, மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு மறுபடி மலை ஏறினாள். இத்தனை வருடத்தில் பூத்து நிற்கும் செடி ஒன்றின் வேரைக்கூட அவள் வெட்டிப் பார்த்ததில்லை. இருப்பதே கொஞ்சம், அதைக் காயப்படுத்தக் கூடாது என்று மற்ற ஆராய்ச்சிக்காரர்களையும் சண்டை போட்டுத் தடுத்திருக்கிறாள். அன்றைக்கு ஐந்து செடிகளிலிருந்து நுனிவேர் கிள்ளிக்கொண்டு வந்தாள்.

ஐந்தும் பச்சை.

பட்டினி கிடந்த பூ எப்போதோ இந்தப் புதுக் காளானையே பழகிக்கொண்டுவிட்டது. அதற்குப் பத்து வருடம் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். வியாழக்கிழமை சாம்பக்குடை செத்தால் நாற்றுகள் ஒரு வாரம் தாங்காது. கிழட்டுச் செடிகளும் கிழங்கில் இருப்பதைத் தின்று முடித்து அடுத்த மழைக்குத் தலையெடுக்காது. வேறு காளான் அந்த மண்ணில் இல்லை. இல்லை என்று நிரூபித்ததே அவள்தான்.

*

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மலையிறங்கி மாவட்ட அலுவலகத்துக்குப் போனாள். மண்ணுயிர் ஆணையத்தின் அதிகாரி தில்ஷாத் பேகம் அவளுக்கு வேண்டியவள். மற்ற அதிகாரிகள் சாம்பக்குடைக் கோப்பைத் தொடவே பயந்தபோது அவள்தான் எடுத்து மேலே அனுப்பினாள்.

தில்ஷாத் எல்லாப் படத்தையும் பார்த்தாள். பொறுமையாகக் கேட்டாள். பிறகு உத்தரவை எடுத்துப் பதினான்காவது பிரிவைக் காட்டினாள். உத்தரவு பிறப்பிக்கப்பட்ட பின் எவர் தரும் எந்த மனுவின் பேரிலும் தெளிப்பு நிறுத்தப்படவோ தள்ளிவைக்கப்படவோ கூடாது.

"இது நீங்க எழுதிக் கொடுத்த வரி மேடம். கம்பெனிக்காரன் மனுமேல மனு போட்டு இழுத்தடிக்கிறான், ஓட்டையை அடைக்கணும்னு சொன்னீங்க."

"தெரியும். எழுதினவளே வந்து சொல்றேன், நிறுத்துங்க."

"'எவர் தரும்'னு இருக்கே."

"தில்ஷாத், அந்தச் செடி செத்துடும்."

"போன வருஷம் கம்பெனி ஒரு மனு குடுத்துச்சு, ஞாபகம் இருக்கா? 'ஆர்க்கிட்டு எங்க காளானோட ஒத்துப்போயிடும், அவகாசம் குடுங்க'ன்னு. அது ஆதாரமில்லாத கற்பனைன்னு நாலு பக்கம் எழுதிக் குடுத்தது யாரு?"

நிவேதா படங்களை எடுத்து உறைக்குள் வைத்தாள்.

"இப்ப நீங்க வந்து அதையே சொன்னா, உங்கள வெலைக்கு வாங்கிட்டாங்கம்பாங்க. அதுகூடப் பரவாயில்ல. நீங்க முன்னாடி சொன்ன எதையும் நம்ப மாட்டாங்க. பக்கத்து மலையில அஞ்சு வழக்கு உங்க அறிக்கைய வெச்சுத்தான் நிக்குது." தில்ஷாத் குரலைத் தணித்தாள். "ஏழு நாத்துக்காக அதையெல்லாம் விடச் சொல்றீங்களா?"

"ஆறு. ஒண்ணை நான் வெட்டிட்டேன்."

"எழுதிக் குடுத்துட்டுப் போங்க. மேல அனுப்பறேன். பதில் வர நாப்பத்தஞ்சு நாளாகும்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தாள். கோபப்படுவதற்கு ஒரு ஆள்கூடக் கிடைக்கவில்லை. இதுவரை எத்தனையோ முறை இதே பஸ்ஸில் வெறுங்கையோடு ஏறி வந்திருக்கிறாள். அப்போதெல்லாம் திட்டுவதற்குக் கம்பெனி இருந்தது, அமைச்சர் இருந்தார்.

*

சகாயராஜ் எஸ்டேட் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். நிவேதா பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்த காலத்தில் அவருடைய மகள் அவளிடம் படித்தாள். கடைசியாக அவரோடு பேசியது ஐந்து வருடம் முன்பு, விசாரணை நடந்த மண்டபத்தில். சாம்பக்குடை இல்லாவிட்டால் தேயிலை ஒரு கோடை தாங்காது, எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, தொழிலாளர்களைக் கம்பெனி தூண்டிவிட்டுப் பேச வைக்கிறது என்று எழுந்து சொன்னவள் அவள்.

செவ்வாய்க்கிழமை மதியம் லைன் வீட்டுக்குப் பின்னால் சௌசௌ பந்தலுக்குக் கம்பி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கையிலிருந்த குறட்டைக் கீழே வைக்கவில்லை.

"சொல்லுங்க டீச்சர். வியாழக்கெழம எங்கள எல்லாம் வெளிய போகச் சொல்லணுமா?"

அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பச்சை இழையை, பதினான்காம் பிரிவை, நாற்பத்தைந்து நாள் கணக்கை. அவர் முழுதும் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஆக, அது இல்லாம உங்க பூ பொழைக்காது."

"ஆமா."

"நாங்களும் அதத்தான சொன்னோம். அது இல்லாம எங்களுக்குப் பொழப்பு இல்லன்னு. எத்தன வருஷம் சொன்னோம்?"

"தப்புதான்."

"தப்புன்னு சொல்றதுக்கு ஆறு நாத்து வேண்டியிருக்கு உங்களுக்கு." கம்பியை முறுக்கினார். "எங்கள்ல எழுவது பேரு ஏற்கெனவே திருப்பூருக்குப் பஸ் ஏறிட்டாங்க. அத எண்ணுனீங்களா?"

எண்ணவில்லை. அவள் எண்ணியதெல்லாம் பூவைத்தான். மழையில் நனைந்தபடியே நின்றாள்.

உள்ளேயிருந்து அவர் மனைவி மரியபுஷ்பம் எட்டிப் பார்த்து, "நனையுறாங்களே, உள்ள கூப்பிடுங்க," என்றாள். அவர் கூப்பிடவில்லை.

"சகாயராஜ் அண்ணே," என்றாள் நிவேதா. "உங்ககிட்ட எங்கயாவது இருக்கா?"

"என்ன இருக்கா?"

"சாம்பக்குடை மண்ணு. நீங்க எடுத்து வெக்காம இருந்திருக்க மாட்டீங்க."

கம்பி கட்டிய கை நின்றது. "அதக் கண்டுபிடிக்கத்தான் வந்தீங்களா? தெளிப்பு முடிஞ்சப்புறம் சோதிச்சுக் கையெழுத்துப் போடறது நீங்கதானாமே. நோட்டீசுல பாத்தேன். மண்ணு வெச்சிருந்தா மூணு வருசம் ஜெயிலு. அதுவும் நீங்க கேட்டு வாங்குன சட்டம்."

அவர் நம்பவில்லை. நம்ப வேண்டிய காரணமும் அவரிடம் இல்லை. நிவேதா பையிலிருந்து நோட்டை எடுத்து, பந்தல் கம்பத்தில் சாய்த்து வைத்து எழுதினாள். தடை செய்யப்பட்ட காளான் கலந்த மண்ணையும் பாதுகாக்கப்பட்ட செடிகளையும் நான், நிவேதா, எல்லை கடத்தி எடுத்துச் சென்றேன். சரிவு, தேதி, கையெழுத்து. தாளைக் கிழித்து நீட்டினாள்.

"சோதனையில 'காளான் இல்ல'ன்னு நான் கையெழுத்துப் போடலைன்னா இதை எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போங்க. எனக்கும் அதே மூணு வருஷம்."

சகாயராஜ் இரண்டு முறை படித்தார். நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"வாங்க," என்றார்.

பூட்டிக் கிடந்த பிள்ளைக் காப்பகத்துக்குள், தொட்டில்கள் மாட்டிய கொக்கிகளுக்குக் கீழே, முப்பத்திரண்டு மூட்டை மண் சுவரோரமாக அடுக்கியிருந்தது. கோணி இழை வழியே சாம்பல் குடைகள் தலைநீட்டியிருந்தன. சோதனையெல்லாம் முடிந்ததும் தேயிலைக்குத் திரும்பக் கொண்டுபோய்ப் போடுவதற்காக ஒவ்வொரு வீட்டாரும் சேர்த்துவைத்தது. பழைய நிவேதா இந்த அறையைப் பார்த்திருந்தால் வாசலிலிருந்தே போன் போட்டிருப்பாள். அறுபத்து நான்கு வகையைத் தின்ற பிராணி. அதன் நெடி மூக்கில் ஏறியது. இதைக் காப்பாற்றவா நான் நிற்கிறேன் என்று ஒரு கணம் தோன்றியது.

"பந்தலுக்குக் கீழ ஒரு மூட்டையக் கொட்டி, உங்க செடிய நட்டுருவோம்," என்றார் சகாயராஜ். "எலை மறைப்பு இருக்கும். மேலேருந்து பாத்தாத் தெரியாது."

புதன்கிழமை மழையில் அவளும் மரியபுஷ்பமும் சரிவுக்குப் போனார்கள். ஆறு நாற்றையும் எடுத்தார்கள். பெரிய செடிகளில் பன்னிரண்டு. முப்பத்தெட்டையும் எடுத்துவிட்டால் சரிவு வெறிச்சென்று தெரியும், தெளிக்க வருகிறவர்கள் கேட்பார்கள். இருபத்தாறை விட வேண்டும். எது இருப்பது, எது போவது என்று நிவேதா நின்றுகொண்டே இருந்தாள். ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தவள். ஒன்றைக்கூடக் கழிக்க முடியவில்லை.

கடைசியில் மரியபுஷ்பம் பொறுமையிழந்தாள். "தள்ளுங்க டீச்சர். நான் பாத்துக்கறேன்." கைக்கு எட்டிய பன்னிரண்டை மண்ணோடு பெயர்த்துக் கொழுந்துக் கூடையில் அடுக்கி, மேலே சாக்கைப் போட்டு மூடிவிட்டு நடந்தாள்.

மறுநாள் காலை வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் வந்தார்கள். நன்றாகத் தெளித்தார்கள். பூத்திருந்த செடிகளைச் சுற்றி ஒரு இலை ஒடியாமல், அவ்வளவு கவனமாக.

*

அடுத்த மழைக்குச் சோதனை வந்தது. தில்ஷாத் ஜீப்பில் வந்திருந்தாள். நிவேதா மூன்று நாள் மலை முழுவதும் நடந்தாள். சோலையில் ஒரு சாம்பக்குடையும் இல்லை. வேறு எந்தக் காளானும் இல்லை. விழுந்த மரங்கள் மக்காமல் அப்படியே கிடந்தன. பழைய காளான்கள் காற்றில் வந்து சேரும் என்று ஒரு காலத்தில் அவள் எழுதியிருந்தாள். எத்தனை வருடத்தில் என்று எழுதவில்லை. தேயிலைத் தோட்டத்தின் மேற்பகுதி இலை பழுத்துக் கொட்டிவிட்டது. சங்கத்துக்காரர்கள் சோதனை முடிவதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

சௌசௌ பந்தலுக்குக் கீழே நான்கு நாற்று பிழைத்து இரண்டிரண்டு இலை விட்டிருந்தது. பெரிய செடிகளில் ஐந்து பூத்திருந்தன. "வாசனையே இல்லாத பூவுக்கா இத்தன பாடு," என்று மரியபுஷ்பம் சொல்லிவிட்டுப் போனாள். சகாயராஜ் இப்போதும் அவளை உள்ளே கூப்பிடவில்லை. அவள் எழுதிக் கொடுத்த தாளைத் திருப்பித் தருவதைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஜீப்பின் முன்பக்கத்தில் படிவத்தை வைத்து எழுதினாள். முதல் கேள்வி: குடியிருப்புப் பகுதிகள் உட்பட, எல்லைக்குள் தடை செய்யப்பட்ட காளான் உண்டா. இல்லை என்று எழுதினாள். பொய். 

இரண்டாவது கேள்வி: சரிவில் உள்ள தும்பிவால் செடிகளின் எண்ணிக்கை.

அதற்கு உண்மையே போதும், ஒரே ஒரு இலக்கம்தான். மழைத் தூறல் தாளை நனைக்க ஆரம்பித்தது. தில்ஷாத் குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். நிவேதா பேனாவை அந்தக் கட்டத்தின் மேல் வைத்தபடியே நின்றாள். பிறகு ஒரு பூஜ்யம் போட்டாள்.

தில்ஷாத் படிவத்தை வாங்கி, முதல் பதிலை மட்டும் பார்த்துவிட்டு மடித்தாள்.

"அப்ப, திட்டம் வெற்றின்னு போட்டுக்கலாமா மேடம்?"

"போட்டுக்கோங்க," என்றாள் நிவேதா.